வட்டத்துக்குள் ஓர் இலக்கம்

கண்டி மாநகரிலிருந்து மாத்தளையை நோக்கி ஏ-9 வீதியிலே செல்வோர், கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்த பின்னர், அலவத்துகொட என்னும் ஊரை அடைவர். குன்றுகளின் சரிவிலே அமைந்த வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் சூழ்ந்து நிற்கும் பலாவும் கமுகும். அவற்றைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடி. இடையிடையே கராம்பு மரம். கண்டிப் பிரதேசத்துக்கே உரிய வீட்டுத் தோட்டங்களின் காட்சி இது. இத்தகைய தோட்டம் ஒன்று பெற்றோருக்குப் பின் பிள்ளைகளுக்குப் பங்கிடப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பம் எமது கற்பனையே. ஆனால் அவர்கள் செய்யப் போகும் காரியம் இந்த நாட்டிலே நாள்தோறும் நடைபெறும் காரியம்.

அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவர் வருகின்றார். அளக்கின்றார். காணியைப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்துப் படம் வரைகின்றார். பன்னிரண்டாவது துண்டு, எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்தும் பாதை. பிறகு நொத்தாரிசு உறுதி எழுதுகின்றார். அந்த உறுதியை நீங்கள் வாசித்துப் பார்த்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள். காணியின் உருவம் அதிலே வரையப்பட்டிருப்பதில்லை. இன்ன திகதியில் இன்ன நில அளவையாளர் வரைந்த இன்ன இலக்கப் படத்திலே, இன்ன இலக்கத் துண்டு என்றுதான் எழுதப்பட்டிருக்கும். நான்கு எல்லைகளும் பரப்பளவும் கூறப்பட்டிருப்பினும், உறுதியையும் நிலத்தையும் நேராக இணைக்கும் கயிறு அந்தத் துண்டு இலக்கம் ஒன்றே. படத்திலே சின்னஞ்சிறு வட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கும் 3 அல்லது 7 அல்லது 12 என்ற அந்த இலக்கமே, மண்ணுக்கு உரியவர் யார் என்பதைச் சொல்கின்றது.

1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமும், 2007இல் ‘பிம் சவிய’ என்ற பெயரில் தொடங்கிய வேலைத்திட்டமும் இந்த இலக்கத்தின் மதிப்பை மேலும் உயர்த்தின. அந்த முறையிலே, உரித்துச் சான்றிதழ் அளவைப் படத்தையும் அதிலுள்ள துண்டு இலக்கத்தையுமே சுட்டி நிற்கின்றது. ஆகவே, அந்த இலக்கம் படத்தில் எந்த இடத்தில் நிற்கின்றது என்பது அழகு பற்றிய கேள்வி மட்டும் அன்று. இன்று கணினியிலே படம் வரையும்போது, எழுத்தும் இலக்கமும் தமக்குரிய இடத்தில் நிற்பது எவ்வாறு, இடம் பெயர்வது எதனால், பெயர்ந்ததைத் திருத்துவது எப்படி என்பதையே இன்றைய பேச்சில் விளக்க முற்படுகின்றேன். படத்தைக் காட்டி விளக்க வானொலியிலே வழியில்லை. எனவே, நேயர்கள் மனத்திலே ஒரு தாளை விரித்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலே, பிரெடரிக் நோர்த் ஆளுநராக இருந்த காலத்தில் தோன்றியது. அக்காலந் தொட்டு நீண்ட நெடுங்காலம் படங்கள் கையினாலேயே வரையப்பட்டன. வரைவாளர் ஒருவர் தலைப்பை நடுவில் எழுத விரும்பினால், முதலில் எழுத்துகளை எண்ணுவார். நடு எழுத்து எது என்று காண்பார். அந்த எழுத்தைத் தாளின் நடுக்கோட்டில் வைத்து, அங்கிருந்து வலப்புறமும் இடப்புறமும் பென்சிலால் மெல்லக் குறித்துப் பார்ப்பார். அகன்ற எழுத்துக்குக் கூடிய இடமும் ஒடுங்கிய எழுத்துக்குக் குறைந்த இடமும் விடுவார். அதன் பின்னரே மையைத் தொடுவார். வட்டத்துக்குள் இலக்கம் எழுதும்போதும் அவருடைய கண்ணே அளவுகோல். 1 என்றாலும் 128 என்றாலும், அது வட்டத்தின் நடுவில் அமையும் வரை அவர் கை ஓயாது.

கணினிக்குக் கண் இல்லை. அதற்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அது செய்யும். ஆதலால் வரைவாளரின் கண் அறிந்திருந்ததை நாம் கணினிக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

கணினியிலே படம் வரையும் கலைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஐவன் சதர்லண்ட் என்பவர். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1963ஆம் ஆண்டிலே அவர் சமர்ப்பித்த ஆய்வு, ‘ஸ்கெட்ச்பாட்’ என்னும் வரைவு முறையைப் பற்றியது. ஒளிப்பேனா ஒன்றினால் திரையிலே கோடு வரையலாம் என்பதை அது காட்டியது. அதனினும் அரிய கருத்து ஒன்றும் அதில் இருந்தது. ஓர் உருவத்தை ஒரு முறை மூலமாக வரைந்து வைத்து, அதன் பிரதிகளைப் படத்தில் வேண்டிய இடமெல்லாம் பதிக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் அனைத்தும் தாமாகவே திருந்தும் என்பதே அக்கருத்து. பின்னர், 1982இல் ஓட்டோடெஸ்க் என்ற கம்பனி தோன்றி, ‘ஓட்டோகாட்’ என்னும் மென்பொருளை அதே ஆண்டில் வெளியிட்டது. சாதாரண மேசைக் கணினியிலேயே படம் வரையும் வசதியை அது பரவலாக்கியது. சதர்லண்டின் மூலமும் பிரதியும் என்ற கருத்து, இன்று வரைவாளர்கள் ‘பிளாக்’ என்று அழைக்கும் பொருளில் வாழ்கின்றது. நாம் அதனைத் தொகுதி என்று அழைப்போம்.

தொகுதி என்பது யாது? கச்சேரியிலும் தபாற் கந்தோரிலும் நீங்கள் கண்டிருக்கும் இறப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டம் உண்டு, அலுவலகத்தின் பெயர் உண்டு, இவை மாறுவதில்லை. நடுவிலே திகதிக்கு ஓர் இடைவெளி. அது நாளுக்கு நாள் மாறும். கணினித் தொகுதியிலும் மாறாத கோடுகள் இருக்கும்; இடத்துக்கு இடம் மாறும் எழுத்துக்கு ஓர் இடமும் இருக்கும். மாறும் அந்த எழுத்தைத்தான் வரைவாளர்கள் ‘அட்ரிபியூட்’ என்கின்றனர். நாம் பண்பெழுத்து என்போம்.

பண்பெழுத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, அதன் அடையாளப் பெயர். கணினி அதனை அறிந்துகொள்வதற்கு. இரண்டாவது, கேள்வி, தொகுதியைப் படத்தில் பதிக்கும்போது ‘துண்டு இலக்கம் யாது?’ என்று வரைவாளரைக் கேட்பதற்கு. மூன்றாவது, விடை எதுவும் தரப்படாதபோது இட வேண்டிய இயல்பு எழுத்து. எமது அலவத்துகொடக் காணியின் படத்தில் வட்டம் ஒன்றும் அதனுள் துண்டு இலக்கம் என்ற பண்பெழுத்தும் கொண்ட ஒரு தொகுதியை அமைத்துவிட்டால் போதும். பன்னிரண்டு முறை பதித்து, பன்னிரண்டு முறை விடை சொன்னால், பன்னிரண்டு துண்டுகளுக்கும் இலக்கம் கிடைத்துவிடும். அந்த விடைகளையே திரட்டிப் பரப்பளவு அட்டவணை ஒன்றைத் தயாரிக்கவும் கணினியால் இயலும்.

இவ்வளவும் நன்று. ஆனால் முதன்முதலாகத் தொகுதி அமைக்கும் மாணவன் பெரும்பாலும் ஒரு வினோதத்தைக் காண்கின்றான். இயல்பு எழுத்தாக 1 என்று இட்டு, கண்ணால் பார்த்து, வட்டத்தின் நடுவிலே அழகாக வைத்திருப்பான். பதிக்கும்போது 1, 2, 3 ஆகியவை ஒழுங்காக நிற்கும். 10 வந்ததும் இலக்கம் வலப்புறம் சரியும். பெருந்தோட்டம் ஒன்றின் படத்தில் 128 வந்தால் அது வட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும். ‘கணினி பிழை செய்கின்றது’ என்று மாணவன் சொல்வான். கணினி பிழை எதுவும் செய்யவில்லை. சொன்னதையே செய்தது.

காரணம் இதுதான். சுவரிலே படம் ஒன்றை மாட்டுகின்றோம். சட்டத்தின் மேல் நடுவில் ஆணி இருந்தால், சிறிய படமாயினும் பெரிய படமாயினும் ஆணிக்கு இருபுறமும் சமமாகத் தொங்கும். இடது மூலையில் ஆணியை வைத்துவிட்டால், படம் பெரிதாகும்போது வலப்புறம் மட்டுமே வளரும். கணினியில் ஒவ்வோர் எழுத்து வரியும் ஒரு புள்ளியிலே மாட்டப்பட்டிருக்கின்றது. அந்தப் புள்ளியை ஆதாரப் புள்ளி என்று சொல்வோம். நாம் வேறு எதுவும் சொல்லாதபோது, கணினி அதனை வரியின் இடது கோடியிலே, எழுத்துகள் அமரும் அடிக்கோட்டின்மேல் வைத்துவிடுகின்றது. மாணவன் கண்ணால் நடுவில் வைத்தது 1 என்ற உருவத்தை மட்டுமே. ஆதாரப் புள்ளியோ இடது மூலையிலேயே இருந்தது. 1இன் அகலம் சிறிதாதலால் குற்றம் மறைந்திருந்தது. 128இன் அகலம் அதனை வெளிப்படுத்திவிட்டது.

இந்தச் சரிவு எவ்வளவு பெரிய விடயம் என்று கேட்பீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். எமது படம் 500க்கு 1 என்ற அளவுத்திட்டத்தில் வரையப்பட்டது என்க. பொதுப் பாதையாகிய பன்னிரண்டாவது துண்டு 3 மீற்றர் அகலம். தாளிலே அது 6 மில்லிமீற்றர். எழுத்தின் உயரம் 2.5 மில்லிமீற்றர் என்றால், 12 என்ற இரண்டு இலக்கங்களும் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் அகலம் பிடிக்கும். ஆதாரப் புள்ளி எழுத்தின் நடுவில் இருந்து, அதனைப் பாதையின் நடுக்கோட்டில் வைத்தால், இருபுறமும் 2 மில்லிமீற்றர்; இலக்கம் பாதைக்குள் அடங்கும். ஆதாரப் புள்ளி இடது கோடியில் இருந்தால், 4 மில்லிமீற்றரும் வலப்புறம் செல்லும். பாதையின் எல்லை 3 மில்லிமீற்றரிலேயே முடிந்துவிடுகின்றது. எஞ்சிய 1 மில்லிமீற்றர் அடுத்தவரின் துண்டுக்குள் நுழைகின்றது. எல்லைக் கோட்டின்மேல் ஏறி நிற்கும் இலக்கத்தைக் காண்பவர், அது இப்புறத்துக்கு உரியதா, அப்புறத்துக்கு உரியதா என்று ஐயுற இடம் உண்டாகின்றது. நிழற்பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்கும் பிரதி எடுத்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின் வாசிக்கும்போது அந்த ஐயம் வளருமேயன்றிக் குறையாது.

எனவே முதல் விதி: ஆதாரப் புள்ளியைக் கண்ணால் தீர்மானிக்காது, எழுத்து எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதை எண்ணித் தீர்மானித்தல் வேண்டும்.

கிடைத் திசையிலே ஆதாரப் புள்ளிக்கு மூன்று இடங்கள் உண்டு: இடம், நடு, வலம். நெடுந்திசையிலே நான்கு உண்டு: எழுத்தின் அடிக்கோடு, அதற்கும் கீழே தொங்கும் பாகத்தின் கீழ் எல்லை, நடு, உச்சி. வட்டத்துக்குள் இருக்கும் இலக்கத்துக்கு இரு திசையிலும் நடுவே பொருத்தம். அந்தப் புள்ளியை வட்டத்தின் மையத்தோடு துல்லியமாக இணைத்துவிட வேண்டும். தலைப்புப் பெட்டியிலே ‘கிராமம்’, ‘மாவட்டம்’ என்ற சொற்களுக்குப் பக்கத்தில் வரும் விடைகளுக்கு இடது கோடியே பொருத்தம். அவை ஒரே நேர்க்கோட்டில் தொடங்கி வலப்புறம் வளரட்டும்.

பரப்பளவு அட்டவணைக்கு வலது கோடியே சிறந்தது. ஏக்கர், றூட், பேர்ச் என்ற மூன்று நிரல்களை நேயர்கள் அறிவீர்கள்; 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஓர் ஏக்கர். பேர்ச் நிரலிலே 8.50, 12.25, 36.00 என்ற மூன்று அளவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவோம். இடது கோடியில் மாட்டினால், எட்டின்கீழே பன்னிரண்டின் 1 வந்து நிற்கும். புள்ளிகள் ஒன்றுக்கொன்று விலகும். கூட்டிப் பார்க்கும் கண் தடுமாறும். வலது கோடியில் மாட்டினால் ஒன்றின்கீழ் ஒன்றும் பத்தின்கீழ் பத்தும் நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. புள்ளிக்குப் பின் எல்லா வரியிலும் இரண்டு இலக்கங்கள் இருத்தல் வேண்டும். 36 என்று மட்டும் எழுதிவிட்டால், அது கால் பேர்ச் நிற்க வேண்டிய இடத்தில் போய் நிற்கும்.

நடு என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓட்டோகாட்டில் இரண்டு விதமான நடுக்கள் உள்ளன. ஒன்று, எழுதப்பட்ட வரியின் உண்மையான மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அளந்து அவற்றின் நடுவைக் கொள்வது; கீழே தொங்கும் பாகமும் இதில் சேரும். மற்றது, ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தில் பாதியைக் கொள்வது. கீழே எது தொங்கினும் அது பொருட்படுத்துவதில்லை. இலக்கங்களுக்குக் கீழ்ப்பாகம் இல்லாதபடியால் இரண்டுக்கும் வேறுபாடு தோன்றாது. தமிழ்ச் சொற்களுக்கோ வேறுபாடு உண்டு. ‘தி’ மேலே உயரும். ‘கு’ கீழே இறங்கும். ‘ம’ இரண்டும் இன்றி நடுவே அமரும். பக்கம் பக்கமாக உள்ள பெட்டிகளில் முதல் வகை நடுவைப் பயன்படுத்தினால், ஒரு சொல் மேலேயும் அடுத்த சொல் கீழேயுமாக அடிக்கோடு துள்ளும். இரண்டாவது வகையைப் பயன்படுத்தினால் எல்லாச் சொற்களும் ஒரே அடிக்கோட்டில் அமரும்.

இனி, அவசரக்காரர்களை ஏமாற்றும் இரண்டு தெரிவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு புள்ளியில் மாட்டுவதற்குப் பதிலாக, எழுத்தை இரண்டு புள்ளிகளுக்கு இடையே நிறுத்தும் முறைகள் அவை. முதலாவது முறையிலே, இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை நிரப்பும்வரை எழுத்தின் உயரமும் அகலமும் ஒருங்கே கூடும், அல்லது குறையும். இரண்டாவது முறையிலே உயரம் மாறாது; அகலம் மட்டும் விரியும், அல்லது ஒடுங்கும். ‘எந்தச் சொல்லாயினும் பெட்டிக்குள் அடங்கிவிடும், ஆகவே இதுவே சிறந்தது’ என்று தோன்றும். பயன்படுத்திப் பாருங்கள். முதல் முறையிலே ‘கண்டி’ என்ற மூன்று எழுத்துச் சொல் பெட்டியை முட்டும் பூதமாகும். அதே அளவுப் பெட்டியில் ‘அலவத்துகொட’ என்ற ஏழு எழுத்துச் சொல் சிறுத்துப்போகும். இரண்டாவது முறையிலே ‘கண்டி’ பாய் விரித்தாற்போல் அகலும், ‘அலவத்துகொட’ நசுங்கும்.

நசுங்குதல் தமிழுக்குப் பெரும் தீங்கு. ஆங்கில எழுத்தைச் சற்று ஒடுக்கினாலும் அதன் உருவம் பிழைத்துக்கொள்ளும். தமிழிலே ‘ன’கரத்துக்கும் ‘ண’கரத்துக்கும் வேறுபாடு ஒரு சுழியே. கொம்பும் காலும் உடலோடு ஒட்டிக்கொண்டால் எழுத்து மாறித் தோன்றும். மெய்யின் புள்ளி மங்கினால் சொல்லே மாறிவிடும். ஊர்ப் பெயரும் உரிமையாளர் பெயரும் எழுதப்படும் படத்திலே இது சிறிய குறை அன்று. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாதல் வேண்டும் என 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரசியலமைப்பிலே எழுதியது. ஒரே பெட்டியில் மூன்று மொழிகளிலும் பெயர் எழுத நேரும்போது, ஒவ்வொன்றின் நீளமும் வேறுபடும். ஆங்கிலத்தில் அலவத்துகொடவுக்கு 12 எழுத்துகள், தமிழில் 7, ஆயினும் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அகலமானது. ஆங்கிலச் சொல்லை அளந்து பெட்டியை அமைத்துவிட்டு, தமிழை அதற்குள் திணிப்பது முறையன்று. மூன்றிலும் நீண்டதை அளந்து பெட்டி அமைத்தல் வேண்டும். இடம் போதாவிடின், ஒரு பண்பெழுத்தையே இரண்டு வரிகளாக மடித்து எழுதும் வசதி பிற்காலப் பதிப்புகளில் உண்டு. சொல்லை நசுக்குவதிலும் வரியை மடிப்பது மேல்.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் எழுத்தை நாம் எண்ணுவது ஒரு விதம். கணினி எண்ணுவது வேறு விதம். அலவத்துகொட என்பது நமக்கு ஏழு எழுத்து. உலகப் பொது முறையாகிய யூனிகோட்டில் அது பத்துக் குறிகள்; புள்ளிக்கு ஒரு குறி, உகரத்துக்கு ஒரு குறி, ஒகரத்துக்கு ஒரு குறி என்று அவை தனித்தனியே எண்ணப்படும். ஆகவே எழுத்தின் எண்ணிக்கையைக் கொண்டு அகலத்தை ஊகித்தல் ஆகாது. மேலும், ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதிய படத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குழப்பமே தோன்றும். யூனிகோட்டில் எழுதியிருந்தாலும், தமிழ் உருக்கள் இல்லாத எழுத்துரு பதிலாக வந்து அமர்ந்தால், கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். வேறொரு தமிழ் எழுத்துரு வந்து அமர்ந்தாலோ சொல் வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். ஆனால் அகலம் மாறிவிடும். அப்பொழுதும் ஆணி மட்டும் இடம் மாறுவதில்லை. நடுவில் மாட்டிய சொல், இருபுறமும் சிறிது சிறிதாக வளர்ந்து பெட்டிக்குள் பெரும்பாலும் தப்பும். இடது கோடியில் மாட்டிய சொல், முழு வளர்ச்சியையும் வலப்புறத்திலே காட்டி எல்லை தாண்டும்.

சரி, தவறாக அமைத்துவிட்டோம். நாற்பது இடங்களில் பதித்தும் விட்டோம். இனித் திருத்துவது எங்ஙனம்? நாற்பது வட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டு இலக்கத்தை நகர்த்துவோர் உளர். அது வீண் உழைப்பு. புதிய பிழைகளுக்கும் வழி. திருத்த வேண்டியது பிரதியை அன்று, மூலத்தை.

மூலத்தைத் திறந்து ஆதாரப் புள்ளியை மாற்றும்போது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றிலே ஆணி அங்கேயே இருக்கும். படம் ஆணியைச் சுற்றி நகரும். இயல்புப் பட்டியலில் தெரிவை மாற்றினால் இது நிகழும். மற்றதிலே படம் அங்கேயே இருக்கும். ஆணி மட்டும் புதிய மூலைக்குப் பெயரும். இதற்கென ‘ஜஸ்டிஃபைடெக்ஸ்ட்’ என்று ஒரு தனிக் கட்டளை உண்டு. இயல்பு எழுத்து ஏற்கெனவே சரியான இடத்தில் தோன்றினால் இரண்டாவது வழியைக் கொள்க. வட்டத்தின் மையத்தில் புதிதாகப் பொருத்துவதாயின் முதல் வழியைக் கொண்டு, புள்ளியை மையத்துக்கு நகர்த்துக.

மூலத்தைத் திருத்திச் சேமித்து வெளியே வந்தவர் மீண்டும் திகைப்பார். வட்டத்தின் விட்டத்தை மாற்றியிருந்தால் நாற்பது வட்டங்களும் மாறியிருக்கும்; இலக்கங்களோ பழைய இடத்திலேயே நிற்கும்! இங்கேதான் இறப்பர் முத்திரை உவமை சற்று நொண்டுகின்றது. உண்மையான முத்திரையைச் செதுக்கித் திருத்தினால், முன்பு குத்திய பதிவுகள் மாறா. கணினியிலோ மாறாத கோடுகள் மூலத்திலிருந்தே நோக்கப்படுகின்றன. ஆதலால் மூலம் மாறினால் எல்லாம் மாறும். பண்பெழுத்து அவ்வாறன்று. இடத்துக்கு இடம் விடை வேறாதலால், ஒவ்வொரு பதிவும் தன் இலக்கத்தையும் அதன் இருப்பிடத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்கின்றது; முத்திரை குத்திய பின் பேனாவால் எழுதிய திகதியைப் போல. மூலத்திலே செய்த மாற்றத்தைப் பழைய பதிவுகளுக்கும் எடுத்துச் சொல்ல ஒரு தனிக் கட்டளை வேண்டும். ஓட்டோகாட்டில் அதன் பெயர் ‘அட்சிங்க்’. அதனை ஏவி, தொகுதியின் பெயரைச் சொன்னதும், நாற்பது இலக்கங்களும் ஒரே கணத்தில் தத்தம் மையத்துக்கு வந்து நிற்கும். 7 என்பது 7ஆகவே இருக்கும், 12 என்பது 12ஆகவே இருக்கும். விடைகள் மாறா, நிற்கும் இடமும் தோற்றமுமே மாறும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நெருக்கமான ஓர் இடத்தில், வரைவாளர் வேண்டுமென்றே ஓர் இலக்கத்தைக் கையால் திருப்பியோ சிறிதாக்கியோ வைத்திருக்கலாம். அந்தத் தனித் திருத்தங்களை ‘அட்சிங்க்’ கட்டளை அழித்துவிடும். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதே அதன் வேலை. ஆகவே ஏவுவதற்கு முன் படத்தின் பிரதி ஒன்றைச் சேமித்து வைத்தலும், ஏவிய பின் ஒவ்வொரு துண்டையும் கண்ணால் பார்வையிடுதலும் அவசியம். எமது பாதை போன்ற ஒடுங்கிய துண்டுகளை விசேடமாகக் கவனிக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டம் 6 மில்லிமீற்றர்ப் பாதைக்குள் எவ்வாறு மாட்டினும் அடங்காது. அங்கே வட்டத்தை வெளியே வைத்து, துண்டைச் சுட்டும் கோடு ஒன்றை இழுப்பதே நேர்மையான வழி.

திருப்பத்தைப் பற்றியும் சொல்லி முடிக்கின்றேன். மலைச்சரிவுக் காணிகள் சதுரமாக அமைவதில்லை. எல்லைகள் எத்திசையிலும் வளைந்து செல்லும். தொகுதியை எல்லையின் திசைக்கு இசையத் திருப்பிப் பதித்தால், உள்ளிருக்கும் எழுத்தும் கூடவே திரும்பும். சில இடங்களில் தலைகீழாகவும் நிற்கும். 6 என்ற இலக்கம் தலைகீழானால் அது 9 என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆறாம் துண்டுக்கு உரியவர் ஒன்பதாம் துண்டில் வேலி அடிக்க அது ஒன்றே போதும். படத்திலே எழுத்து யாவும் தாளின் கீழ்ப்புறத்திலிருந்தோ வலப்புறத்திலிருந்தோ வாசிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது வரைவாளர்களின் பழைய மரபு. துண்டு இலக்கத் தொகுதியைத் திருப்பாது பதித்தலே அந்த மரபைக் காக்கும் எளிய வழி.

நேயர்களே, இவை எல்லாம் வரைவாளரின் மேசையோடு முடியும் சங்கதிகள் என்று எண்ணிவிட வேண்டாம். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே ‘டித்வா’ புயலோடு வந்த பெருமழை, கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளை எவ்வாறு வாட்டியது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். மண் சரிந்த இடத்தில் வேலி இல்லை. எல்லைக் கல் இல்லை. ‘அந்தப் பலா மரத்திலிருந்து இந்தக் கமுகு வரை’ என்று கைநீட்டிச் சொல்வதற்கு மரமும் இல்லை. அப்பொழுது எஞ்சுவது படம் ஒன்றே. எந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துத் தரும் வரைபடங்களிலும், எங்கள் ஊர் எந்த நிறத்துக்குள் வருகின்றது என்று நாம் விரல் வைத்துத் தேடுவது எழுத்தைக் கொண்டுதான். எழுத்து தன் இடத்தில் நின்றால்தான் விரலும் சரியான இடத்தில் நிற்கும்.

ஆகவே, காணிப் படம் ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, கையொப்பத்தையும் முத்திரையையும் மாத்திரம் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் துண்டின் இலக்கம் உங்கள் எல்லைக்குள்ளேயே முழுமையாக நிற்கின்றதா? எல்லைக் கோட்டின்மேல் ஏறியிருக்கின்றதா? படத்தில் உள்ள இலக்கமும் அட்டவணையில் உள்ள இலக்கமும் உறுதியில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா? உங்கள் ஊரின் பெயரும் உங்கள் பெயரும் சுழியும் புள்ளியும் கெடாமல் வாசிக்கக்கூடியதாக உள்ளனவா? ஐயம் இருந்தால் அன்றே கேளுங்கள். அன்று அது நில அளவையாளரின் கணினியில் ஒரு கணத்தில் தீரும் காரியம். முப்பது ஆண்டுகள் கழித்துக் கேட்டால், அது நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நீளும் வழக்காகலாம்.

பழைய வரைவாளர் நடு எழுத்தை எண்ணித் தொடங்கினார். இன்றைய வரைவாளர் ஆதாரப் புள்ளியை எண்ணித் தொடங்குகின்றார். கருவி மாறியது, கவனம் மாறுவதற்கில்லை. வட்டத்துக்குள் நிற்கும் அந்தச் சிறிய இலக்கத்துக்குப் பின்னால், அலவத்துகொடச் சரிவிலே ஒரு வீடும், ஒரு கிணறும், அங்கே வாழப்போகும் பிள்ளைகளும் இருக்கின்றார்கள்.